பனியை நிறுக்கும் ஊர்

“அண்ணை, என்ன பாரம் வரும் எண்டு சொல்லுங்கோ பாப்பம்” என்றார் தம்பி.

ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றின் மொட்டை மாடியில், முழங்காலுக்கு மேல் பனியில் நின்றுகொண்டிருந்தோம். அவர் கையில் ஒரு அலுமினியக் குழாய். அதைச் செங்குத்தாகப் பனிக்குள் இறக்கினார். தளத்தில் முட்டியதும் அடியில் ஒரு தகட்டைச் செருகி, உள்ளே சிக்கிய பனி சிந்தாமல் தூக்கி, கொக்கித் தராசில் மாட்டினார். உக்கடம் மார்க்கெட்டில் மீன் நிறுப்பது போலத்தான் இருந்தது. குழாயின் மேல் கோடு போட்டிருந்தது: ஆழம் 58 சென்டிமீட்டர்.

பஞ்சு மாதிரி இருந்த பனியைப் பார்த்து, “சதுர மீட்டருக்கு ஒரு ஐம்பது கிலோ?” என்றேன்.

தம்பி சிரித்தார். கணக்குப் போட்டுக் காட்டினார். 162.

அதாவது அந்த மாடியின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் என்னைப்போல் இரண்டு பேர் ஏறி நிற்கிறார்கள். மாடி மொத்தம் 400 சதுர மீட்டர். அறுபத்தைந்து டன்! டிப்பர் லாரிக் கணக்கில் நாலைந்து லோடு ஜல்லியை யாரோ சத்தமில்லாமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிவிட்டுப் போன மாதிரி. கீழே ஐந்தாவது மாடியில் ஒரு பாட்டி அதைப்பற்றிக் கவலையே இல்லாமல் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்ததை ஏறி வரும்போது பார்த்திருந்தேன்.

நான் கோயம்புத்தூரில் பதினாறு வருடமாக மொட்டை மாடிகளில் சோலார் போட்டுப் பிழைக்கிறவன். மகள் சூரிக்கில் படிக்கிறாள். பார்க்கப் போன இடத்தில், அட்லிஸ்வில் முருகன் கோயிலில் பிரசாத வரிசையில் நிற்கும்போது பேச்சுக் கொடுத்ததில் கிடைத்தவர் இந்தத் தம்பி. சொந்த ஊர் சாவகச்சேரி. பத்து வயதில் இங்கே வந்தவர். இப்போது ஆல்ப்ஸ் மலையூர்களில் தட்டைக் கூரைகளுக்கு சோலார் திட்டம் போட்டுக் கொடுக்கும் வேலை. “நாளைக்கு டாவோசுக்கு ஒரு கூரை பாக்கப் போறன், வாறியளோ?” என்று கேட்டார். மலை பார்க்கப் போக வேண்டிய அப்பா சைட் விசிட் போகிறாரே என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். கையோடு என் வெயில் அளக்கும் மீட்டரையும் எடுத்துக்கொண்டேன். அதை ஏன் பெட்டியில் வைத்தாய் என்று வீட்டில் கேட்டபோது சொல்ல முடியாத பதிலுக்கு இப்போது ஒரு காரணம் கிடைத்தது.

சூரிக்கில் ஒரு வாரமாகச் சூரியனைப் பார்க்கவில்லை. பிப்ரவரியில் அந்தச் சமவெளி முழுக்க மூடுபனி, ஈரச் சாக்கைப் போர்த்திய மாதிரி கிடக்கிறது. ரயில் லாண்ட்குவார்ட் வரை அந்தச் சாக்குக்குள்தான் ஓடியது. அங்கே இறங்கி ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடும் சிவப்பு ரயிலுக்கு மாறினோம். நம் மேட்டுப்பாளையம் ரயிலின் பணக்கார உறவினர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச தூரம் ஏறியதும் ஜன்னலில் சாம்பல் நிறம் வெளுத்தது. பிறகு கிழிந்தது. கண்ணைத் திறக்க முடியாத வெளிச்சம். கீழே திரும்பிப் பார்த்தால் மூடுபனி பால் ஏடு போலப் பள்ளத்தாக்கில் படிந்திருந்தது. சூரிக் அந்த ஏட்டுக்கு அடியில். நாங்கள் மேலே.

“இதுதான் அண்ணை முழுக் கதையும்” என்றார் தம்பி. “கீழ உள்ளவைக்கு மாரியில கரண்ட் இல்லை. மேல வெயில் சும்மா கிடக்கு.”

டாவோஸ் 1560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2240. குன்னூரும் கோத்தகிரியும்கூட டாவோசைவிட உயரம்தான். ஊட்டியில் ஒரு காலை புல்லில் வெள்ளையாக உறைபனி தெரிந்தால் மறுநாள் பேப்பரில் படம் வருகிறது. இங்கே வீட்டுக் கூரையில் 65 டன். உயரம் மட்டும் ஆளைக் குளிரவைப்பதில்லை, அட்சரேகையும் வேண்டும். டாவோஸ் கிட்டத்தட்ட 47 பாகை வடக்கே. நமக்கு மார்கழி விடியலில் இலை நுனியில் நிற்பதும் பனி, சாலையை மறைப்பதும் பனி, இமயமலை உச்சியில் கிடப்பதும் பனி. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அந்த ஊரில் என்ன பேசுவது? தம்பி “சினோ” என்றார். புலம்பெயர்ந்த வீடுகளில் அப்படித்தான் சொல்கிறார்களாம். அவர் வேலை இடத்தில் புதுப் பனி, அமர்ந்த பனி, உருகி உறைந்த பனி என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல், தனி எடை. புதிதாய் விழுந்தது கன மீட்டருக்கு 100 கிலோகூட இருக்காது. அமர்ந்தால் 200, 300. ஈரமாகிப் பழசானால் 400, 500. பஞ்சு போலத் தெரிந்த என் 58 சென்டிமீட்டர், மூன்று நான்கு முறை விழுந்து அமர்ந்த சரக்கு.

ஆல்ப்ஸ் என்றதும் நம் மனதில் வருவது காலண்டர் படம்: கூர்மையான மரக் கூரை, ஜன்னலில் சிவப்புப் பூந்தொட்டி. டாவோசில் இறங்கியதும் எனக்கு முதல் ஏமாற்றம் அதுதான். ஊர் முழுக்கப் பெட்டி பெட்டியாக, தட்டைக் கூரை. ஆர்.எஸ்.புரத்தில் பனி கொட்டினால் எப்படி இருக்குமோ அப்படி! பனி கொட்டும் ஊரில் எவன் தட்டைக் கூரை போடுவான் என்று நினைத்தேன்.

விஷயம் நேர்மாறாக இருந்தது. சரிவான கூரையில் பனி நிற்காது, சரியும். ஊர் நெருக்கமானால் அது நடைபாதையில் போகிறவர் தலையில் சரியும். வீட்டுச் சூட்டில் கூரைப் பனியின் அடிப்பக்கம் உருகி, நீர் கூரை விளிம்புக்கு வந்ததும் குளிரில் உறைந்து ஈட்டி ஈட்டியாகத் தொங்கும். பின்னால் வரும் நீருக்கு வழியில்லாமல் அது கூரைக்குள்ளேயே திரும்பும். ஆகவே பனியை விரட்டாதே, மாடியிலேயே உட்கார வை. உருகும் நீரைக் கூரையின் நடுவில் ஒரு ஓட்டை வழியாக வீட்டுக்குள்ளேயே குழாயில் இறக்கு, வீட்டின் கதகதப்பில் குழாய் உறையாது என்று யோசித்தார்கள். ஊருக்கு 300 மீட்டர் மேலே 1900 இல் திறந்த ஷாட்ஸ்ஆல்ப் காசநோய் சானட்டோரியத்தின் கூரை இப்படிப்பட்டது. காசநோயாளியாக இந்த ஊருக்கு வந்து, குணமாகி, இங்கேயே கட்டடக் கலைஞராகத் தங்கிவிட்ட ருடால்ஃப் காபரெல் பிறகு அந்தக் கூரையை ஊரின் அடையாளமாகவே ஆக்கினார். பின்னாளில் ஊரின் கட்டட விதியிலேயே அது ஏறிவிட்டது. நாம் மொட்டை மாடியில் மழைநீர் வெளிச்சுவர்ப் பக்கம் ஓட வாட்டம் வைக்கிறோம். இவர்கள் நடுவை நோக்கி வாட்டம் வைக்கிறார்கள். பதினாறு வருட அனுபவத்தில் எனக்குக் கூரையின் வாட்டம் எப்போதும் வெளிப்பக்கம்தான்.

காசநோய் என்றேனே, அதுவும் வெயில் கதைதான். 1853 இல் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்த அலெக்சாண்டர் ஷ்பெங்லர் என்ற ஜெர்மானிய மருத்துவர், இங்கே உள்ளவர்களிடம் அந்த நோயைக் காணோமே என்று கவனித்தார். பிறகு ஐரோப்பா முழுக்க இருமிக்கொண்டு ரயிலேறியது. தெற்கு பார்த்த பால்கனிகளில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு மணிக்கணக்கில் படுத்திருப்பதுதான் வைத்தியம். தாமஸ் மன்னின் ‘மாய மலை’ நாவல் அந்தப் பால்கனிகளில்தான் நடக்கிறது. இன்றைக்கும் அந்தப் பழைய பால்கனி வரிசையைப் பார்த்தால் எனக்குத் தோன்றியது, தொழில் புத்தி, மன்னிக்கவும்: நல்ல திசை, நல்ல சாய்வு, நிழல் இல்லை.

அப்படி மகளின் காசநோய்க்காக வந்தவர்களில் ஒருவர் கார்ல் டோர்னோ. மகளுக்கு நல்லது செய்கிறது என்கிறார்களே, இந்த வெயிலில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அளக்க ஆரம்பித்து, 1907 இல் ஒரு ஆய்வகத்தையே நிறுவினார். அது இன்று டாவோஸ் டோர்ஃபில் பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் இயங்குகிறது. 1971 முதல் அதுதான் உலகக் கதிர்வீச்சு மையம். வெயிலுக்கு உலகத்தின் படிக்கல் அங்கே இருக்கிறது. ஒரு கறுப்புக் குழிக்குள் வெயிலை விழவைத்து, அது எவ்வளவு சூடாகிறதோ அதே சூட்டை மின்சாரத்தால் உண்டாக்கி, செலவான மின்சாரத்தை எண்ணி வெயிலின் அளவைச் சொல்லும் கருவிகள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை உலக நாடுகள் தங்கள் கருவிகளைத் தூக்கிக்கொண்டு வந்து அவற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துப் போகின்றன. கோவையில் ஒரு ஃபேக்டரி மாடியில் நான் “இன்னைக்கு 920 வாட்ஸ் இருக்குங்க” என்று முதலாளியிடம் சொன்னால், அந்த 920க்குச் சாட்சி, படிப்படியாகப் பின்னால் போனால், பனி மூடிய இந்த ஊரில் நிற்கிறது. கட்டடத்துக்கு வெளியே இரண்டு நிமிடம் நின்றேன். தம்பி செருப்பைக் கழற்றச் சொல்வாரோ என்று பார்த்தேன், சொல்லவில்லை.

சரி, மாடிக்கு வருவோம்.

நான் வலப்பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தேன். “அண்ணை, நில்லுங்கோ! அசையாதேங்கோ!” தம்பி குரலில் முதல்முறையாகப் பதற்றம். கையில் இருந்த நீளக் கம்பியால் எனக்கு முன்னால் குத்திக் காட்டினார். டக். கண்ணாடிச் சத்தம். படிக்கட்டுக்கு வெளிச்சம் வருவதற்காக வைத்த வானக் கண்ணாடி. வழுவழுவென்று ஒரே வெள்ளைப் பாயின் அடியில் அது இருந்த அடையாளமே இல்லை. இன்னும் இரண்டு அடி போயிருந்தால் ஐந்து மாடிப் படிக்கட்டின் நடுக்கிணறு. இடுப்பில் கட்டியிருந்த கயிற்றின்மேல் அதுவரை எனக்கு இருந்த இளக்காரம் போய்விட்டது. எங்கள் ஊரில் பையன்கள் ரப்பர் செருப்போடு கைப்பிடிச் சுவர்மேல் நடப்பதைத் தம்பியிடம் சொல்லாமல் விட்டேன்.

வேலையின் முதல் பாதி கூரையைக் கண்டுபிடிப்பதே. பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு கம்பியால் குத்திக் குத்தி, இங்கே வானக் கண்ணாடி, இங்கே புகைக்குழாய், இங்கே நடு ஓட்டை என்று கொடி நட்டுக்கொண்டே போனார். நடு ஓட்டைக்குப் பக்கத்தில் எதுவும் வைக்கக் கூடாது. அது அடைத்தால் மார்ச்சில் உருகும் 65 டன்னும் மாடியிலேயே குளம் கட்டும்.

அடுத்தது தொடுவானம். நம்மூரில் நிழல் என்றால் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டி, தென்னை மரம், அலைபேசிக் கோபுரம். இங்கே நிழல் என்றால் மலை. போனைச் சுற்றிச் சுழற்றி மலைகளின் விளிம்பைப் படம் பிடித்தார். அதன்மேல் டிசம்பர் சூரியனின் பாதையைக் கோடாகப் போட்டதும், தென்கிழக்கே யாகோப்ஸ்ஹார்ன் பக்கத்து மலைகள் காலையின் ஒரு துண்டைக் கடித்துத் தின்பது தெரிந்தது. தொட்டியை நகர்த்தச் சொல்லலாம். மலையை?

பிறகுதான் நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போகாத கட்டம் வந்தது. நான் என் பழக்கத்தில், “பத்து டிகிரி சாய்ச்சு, மாடி பூரா பரப்பிடலாமே தம்பி, 50 கிலோவாட்டுக்குக் குறையாது” என்றேன். கோவையில் மார்கழி உச்சி வெயிலே 55 பாகை உயரத்தில் நிற்கும். ஜூனில் சூரியன் நமக்கு வடக்கே போய், மத்தியான நிழல் தெற்கே விழும். பேனலைக் கிட்டத்தட்ட படுக்கவைத்தால் போதும். வரிசைக்கு வரிசை விடும் இடைவெளி நிழலுக்காக இல்லை, கழுவ வருகிற ஆள் நடப்பதற்காக.

தம்பி ஒரு கேள்விதான் கேட்டார்: “உங்கட பேனல் டேட்டா ஷீட்டில 5400 பாஸ்கல் எண்டு ஒண்டு போட்டிருக்குமே, அது என்னத்துக்கு?”

எத்தனை ஆயிரம் பேனல் வாங்கியிருப்பேன்! அந்த எண்ணைப் பார்க்காத நாளில்லை. டெண்டரில் அப்படியே நகல் எடுத்து ஒட்டியிருக்கிறேன். எதற்கென்று யோசித்ததில்லை. அது பனிக்கான சோதனை. சதுர மீட்டருக்கு 550 கிலோ முன்பக்கம் ஏறினாலும் பேனல் தாங்க வேண்டும் என்பது. சுவிட்சர்லாந்தின் கட்டட நெறியில் பனிச்சுமைக்கு ஒரு சூத்திரம் உண்டு: உயரத்தை 350 ஆல் வகுத்து, வர்க்கம் எடுத்து, ஒன்று கூட்டி, 0.4 ஆல் பெருக்கினால் தரையில் கிடக்கக்கூடிய பனியின் சுமை, சதுர மீட்டருக்கு இத்தனை கிலோநியூட்டன் என்று. 1560 மீட்டருக்கு 8.3. தட்டைக் கூரைக்கு அதில் பத்தில் எட்டுப் பங்கு எடுத்து 6.7. வட்டாரத் திருத்தங்கள் தனி. ஆக, ஒரு மோசமான மாரிக்குக் கணக்கு வைத்தால் படுக்கவைத்த சாதாரணப் பேனல்மேல் 670 கிலோவுக்கும் மேல் உட்கார இடமிருக்கிறது. அது தாங்குவது 550. கண்ணாடி தப்பினாலும், மெல்ல மெல்லச் சரிவில் இறங்கும் பனி, கீழ்ச் சட்டத்தைப் பிடித்து இழுத்துப் பிய்த்துவிடும். நம் மொட்டை மாடிகளுக்கு நாம் வைக்கும் கணக்கு சதுர மீட்டருக்கு 150 கிலோ; கல்யாண வீட்டுப் பந்தியே அதில் அடங்கிவிடும்.

அப்படியே உடையாமல் தப்பித்தாலும் என்ன பயன்? டிசம்பரிலிருந்து மார்ச் வரை பேனல் கம்பளிக்குள் தூங்கும்.

ஆகவே நிற்கவைக்கிறார்கள். சுவர் மாதிரி, செங்குத்தாக, இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்த பேனலை. பனி அதில் உட்காராது. மாரிச் சூரியன் டிசம்பர் உச்சியிலேயே 20 பாகைக்கு மேல் எழுவதில்லை என்பதால் செங்குத்துப் பேனலின் நெற்றியில்தான் அது நேராக அடிக்கிறது. ஆனால் தாழ்ந்த சூரியனுக்கு நிழல் நீளம். 1.13 மீட்டர் உயரமான ஒரு வரிசைக்குப் பின்னால் மூன்று மீட்டர் தள்ளித்தான் அடுத்த வரிசை. என் ஐம்பது கிலோவாட் மாடி பாதிக்கும் கீழே சுருங்கிப்போனது. வீட்டுக்காரர் யாராக இருந்தாலும் முகம் சுளிப்பார். நானும் சுளித்தேன்.

இன்னும் இருக்கிறது. பேனலின் அடி விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்? தாழ்ந்திருந்தால் பனி விழுங்கும். அதோடு, வரிசை வரிசையாக நிற்கும் பேனல் வேலி மாதிரி வேலை செய்து, காற்று அடித்துவரும் பனியை இன்னும் இழுத்துச் சேர்க்கும். அப்புறம் கூரையின் சுமைக் கணக்கே மாறிவிடும். அடியில் காற்று புகுந்து பெருக்கிக்கொண்டு போக இடம் வேண்டும். அப்படியானால் ஒரு மீட்டர் உயர்த்து. உயர்த்தினால்? மேலே இரண்டு மீட்டருக்கு மேல் நிற்கும் கண்ணாடிச் சுவரைப் புயற்காற்று பாய்மரம் போலப் பிடித்துத் தள்ளும். தளத்தில் துளை போட்டு போல்ட் அடிக்கலாமா என்றால் கூடாது. நீர்க்காப்புத் தாளுக்கும் அதன் அடியில் உள்ள குளிர்காப்புக்கும் துளை விரோதி. பாரம் வைத்துத்தான் நிறுத்த வேண்டும், ஒரு பேனலுக்குச் சில நூறு கிலோ. பனிக்கென்று ஒதுக்கிய சுமையில் அந்தப் பாரம் பங்கு கேட்கும்.

“பனிக்குப் பயந்து உயத்தினா காத்துப் பிடிக்கும், காத்துக்குப் பயந்து பதிச்சா பனி தின்னும்” என்றார் தம்பி. ஏற்கெனவே பலமுறை சொன்ன வாக்கியம் என்பது சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

வழியும் அவரே காட்டினார். பனிக்கு அடியில் தளத்தின்மேல் ஆறு சென்டிமீட்டர் கூழாங்கல் பரப்பியிருந்தது. சதுர மீட்டருக்கு நூறு கிலோ. அது கூரைக்கு ஏற்கெனவே பழகின சுமை. அதையே வாரி, பேனல் சட்டத்தின் அடியில் உள்ள தட்டுகளில் நிரப்பிவிட்டால் புதுப் பாரம் பெரிதாக இல்லை. கூழாங்கல்தான் வேண்டும் என்றும் இல்லை. அதே ஊரில் 1992 இல் திறந்த கிர்ஷ்னர் அருங்காட்சியகத்தின் தட்டைக் கூரையில் கூழாங்கல்லுக்குப் பதிலாக உடைத்த பழைய கண்ணாடிச் சில்லுகளைப் பரப்பியிருக்கிறார்கள். பனி இல்லாத மாதங்களில் பச்சையாக மின்னுமாம். நான் போனபோது எல்லாமே வெள்ளை.

உயரத்துக்குக் கடைசி முட்டுக்கட்டை கற்பனையே செய்யாத இடத்திலிருந்து வந்தது: காகிதம். தட்டைக் கூரை பேனல் கைப்பிடிச் சுவரின் விளிம்புக்கு மேல் ஒரு மீட்டருக்குள் நின்றால் அறிவித்தாலே போதும். அதற்கு மேல் போனால் கட்டட அனுமதி. இந்த மாடியின் சுவர் 40 சென்டிமீட்டர். கூட ஒரு மீட்டர். அதில் பேனல் 1.13ஐக் கழித்தால் அடியில் மிஞ்சுவது 27 சென்டிமீட்டர். இன்றைய பனியே 58. ஆகவே இந்த வீட்டுக்கு அனுமதி மனு, அக்கம்பக்கத்தார் ஆட்சேபணைக்குக் காலம், எல்லாம். பனியின் எடையைக் கிராமில் சொல்லும் நாடு, அந்த ஒரு மீட்டரை எந்தப் பனிக்கு வைத்தது என்று தெரியவில்லை. தம்பி தோளைக் குலுக்கினார்.

விரல் மரத்துப் போனதும் கீழே ஒரு பேக்கரிக்குப் போனோம். சூடான சாக்லேட்டுக்கு நடுவில் பேப்பர் நாப்கினில் ஸ்ட்ரிங் கணக்கு. இதில் நான் அவருக்குச் சொல்லித்தரலாம் என்று நினைத்தேன். பேனல் ஒன்றுக்குத் திறந்த சுற்று வோல்டேஜ் 49. இருபது பேனலைத் தொடராகக் கோத்தால் 980. இன்வெர்ட்டர் எல்லை 1000. அழகாக உட்கார்ந்துவிட்டது என்று நாப்கினைத் தள்ளினேன்.

“மைனஸ் இருவத்தஞ்சில?” என்றார்.

எங்களுக்கு வெப்பநிலைத் திருத்தம் என்றால் இழப்பு மட்டும்தான். சித்திரை வெயிலில் பேனல் முதுகு 65 டிகிரி தொடும். அளவு 25 டிகிரிக்குத் தரப்படுவதால் நாற்பது டிகிரி அதிகம், பதினாலு சதவீதம் மின்சாரம் ஆவியாகப் போகும். அந்தத் தராசின் மறுதட்டை நான் பார்த்ததே இல்லை. குளிர்ந்தால் வோல்டேஜ் ஏறும், டிகிரிக்கு 0.27 சதவீதம். விடியற்காலை மைனஸ் 25இல் முதல் வெளிச்சம் பட்டதும் 13.5 சதவீதம் கூடுதல்: என் 980, 1112 ஆகி இன்வெர்ட்டரைச் சுட்டிருக்கும். பதினெட்டுப் பேனல் வைத்தால்கூட 1001. பதினேழுதான். ஒரே ஒரு வோல்ட்டுக்காக ஒரு பேனலை விட்டுக்கொடுப்பதா என்று பேரம் பேசிப் பார்த்தேன். இயற்பியலிடம் பேரம் படியாது என்று தெரிந்தேதான் பேசினேன்.

நான் கேட்காமல் இருக்க முடியவில்லை: “இவ்வளவு பாடுபட்டு, பாதி பேனலை வச்சு, எதுக்குங்க தம்பி?”

மாரிக்காக. சுவிட்சர்லாந்தின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் தண்ணீரிலிருந்து வருகிறது. கோடையில் பனி உருகி அணை நிறையும். மாரிக் கடைசியில் அணை இறங்கிப்போக, அண்டை நாட்டிலிருந்து வாங்க வேண்டியிருக்கும். சமவெளிச் சோலார் கோடையில் கொட்டும், மாரியில் மூடுபனிக்கு அடியில் முடங்கும். கோடையில் ஒரு யூனிட்டும் மாரியில் ஒரு யூனிட்டும் ஒரே சரக்கு இல்லை. தை மாத மாம்பழமும் ஆனி மாத மாம்பழமும் போல. செங்குத்தாக நிற்கும் மலைப் பேனல் வருடத்தில் தருவதில் ஏறக்குறைய பாதியை மாரி அரையாண்டில் தரும். அந்தக் கட்டடத்தில் வெப்பப் பம்பு வேறு. அதற்குப் பசி எடுப்பதே மாரியில்தான்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. டாவோசுக்கு மேலே டோட்டால்ப் என்ற இடத்தில், 2500 மீட்டரில், வெவ்வேறு சாய்வில் பேனல்களை நிறுத்தி வருடக்கணக்கில் அளந்திருக்கிறார்கள். இதே ஊரின் பனி ஆய்வு நிறுவனத்தோடு தொடர்புடைய காலும் டுஜார்டினும் லேனிங்கும் 2019 இல் எழுதிய ஆய்வு, உயரம், பனியின் பிரதிபலிப்பு, செங்குத்துச் சாய்வு மூன்றும் சேர்ந்தால் உற்பத்தி மாரிப் பக்கம் நகர்கிறது என்று கணக்கிட்டுக் காட்டியது. கிளாருஸ் மலையில் 2500 மீட்டரில் முட்ஸே அணைக்கட்டின் சுவரிலேயே கிட்டத்தட்ட ஐயாயிரம் பேனல் மாட்டியிருக்கிறார்கள். 2.2 மெகாவாட். ஆண்டுக்கு 33 லட்சம் யூனிட் எதிர்பார்ப்பு. வகுத்துப் பார்த்தேன்: கிலோவாட்டுக்கு 1500. கோயம்புத்தூரில் நாள் ஒன்றுக்கு நாலு யூனிட் என்று நான் வாடிக்கையாளரிடம் சத்தியம் செய்யும் கணக்கு, ஆண்டுக்கு 1460. ஒரு பனி அணையிடம் என் ஊர் தோற்றுவிட்டது!

2022 செப்டம்பரில் நாடாளுமன்றம் ஒரு அவசரச் சட்டம் கொண்டுவந்து, பெரிய மலைச் சோலார்களுக்குச் செலவில் 60 சதவீதம்வரை தருவதாகச் சொன்னது. நிறுவும் ஒவ்வொரு கிலோவாட்டும் மாரியில் 500 யூனிட்டாவது தர வேண்டும் என்பது நிபந்தனை. மலைச்சரிவுகளில் வயல் வயலாகப் பேனல் வரப்போகிறது என்றதும் எதிர்ப்பும் வந்தது. 2023 செப்டம்பரில் வாலிஸ் மாநில மக்கள் அதை விரைவுபடுத்தும் சட்டத்தை வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். எனக்கு வாலிஸ்காரர்கள்மேல் கோபம் வரவில்லை. மேலே ஆடு மேயும் சரிவுக்கு ஹெலிகாப்டரில் இரும்பு தூக்குவதற்கு முன்னால், ஏற்கெனவே சாலையும் ஒயரும் படிக்கட்டும் உள்ள இந்த மலையூர் மாடிகளை நிரப்பலாமே. கூரைக்காரன் கூரைக்குத்தான் பரிந்து பேசுவான், தெரியும். இருந்தாலும் இருபது கிலோவாட் மாடிகளைச் சேர்த்துச் சேர்த்து ஒரு அணைச் சுவரை எட்ட நூற்றுப்பத்து மாடி வேண்டும் என்ற கணக்கும் எனக்குத் தெரியும்.

கிளம்புவதற்கு முன் மீண்டும் மாடிக்கு ஏறினோம், விட்டுவந்த கொடிகளைப் படமெடுக்க. மத்தியானம். காற்று இல்லை. மைனஸ் ஆறு, ஆனால் ஜாக்கெட்டைக் கழற்றலாம்போல முகத்தில் வெயில். என் மீட்டரை வெளியே எடுத்தேன். வானத்தைப் பார்த்துப் படுக்கப் பிடித்தேன்: 590. பிப்ரவரிச் சூரியன் 30 பாகையில் இருக்கும்போது அது நியாயம்தான்.

“இப்ப கவிட்டுப் பிடியுங்கோ” என்றார் தம்பி.

வெயில் மீட்டரை யாராவது தரையைப் பார்த்துப் பிடிப்பார்களா? பிடித்தேன். கண்ணாடிக் குமிழ் பனியைப் பார்த்தபடி இருக்க, எண் கொஞ்சம் தடுமாறி நின்றது: 480.

தரையிலிருந்து 480. மேலே ஒரு சூரியன் அடிக்கிறது. காலடியில் கிடக்கும் 65 டன் வெள்ளை, அதில் பத்துக்கு எட்டுப் பங்கை வாங்கித் திருப்பி எறிகிறது. செங்குத்துப் பேனலின் இரண்டு முகமும் அதைத்தான் குடிக்கப்போகிறது. காலையிலிருந்து நிறுத்து, குத்தி, பயந்து, கணக்குப் போட்டு விலக்கிக்கொண்டிருந்த அதே சரக்கு. மறுபடி நிமிர்த்தினேன், 590. கவிழ்த்தேன், 480. சின்னப் பையன் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பது போல ஏழெட்டு முறை செய்திருப்பேன். தம்பி பார்க்காத மாதிரி கொடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து, மார்ச் மாதத்து ஞாயிறு மத்தியானம், வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். மீட்டர் மேலே பார்க்க 960. கவிழ்த்தேன். சிவப்புத் தட்டோடு பதித்த மாடி, 220 காட்டியது. பக்கத்து வீட்டில் போன வருடம் வெள்ளைக் குளிர் பெயின்ட் அடித்தார்கள். கைப்பிடிச் சுவரில் வயிற்றைப் பதித்து எட்டி, கையை அந்தப் பக்கம் நீட்டிக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டிருந்தபோது, வற்றல் எடுக்க மேலே வந்த மனைவி கேட்டாள்:

“ஏனுங்க, அவங்க மாடில என்ன தொலைச்சீங்க?”